உக்காந்தா ஊசி, படுத்தா ஈட்டி

எக்ஸ்ரே அறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பி தங்கைகளே, உங்கள் கையில் இப்போது இருக்கிற மெஷினைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, பொத்தானை அழுத்துவதற்கு முன்னாலும் பின்னாலும் நடக்கிற சங்கதி. அதில் நான் மூன்று தப்புச் செய்தேன். மூன்றையும், நாம்தான் ஆஸ்பத்திரியிலேயே கெட்டிக்கார வேலைக்காரன் என்ற நினைப்போடுதான் செய்தேன்.

யுத்த காலம் அது. புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். நான் அரிசி ஆலையில் எண்ணெய் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மெஷின் வந்தபோது, அதற்கு மின்சாரம் கொடுக்கிற எஞ்சினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்கள். எஞ்சினைப் பார்க்கப் போனவன் மெஷினையும் பார்த்தேன், பிலிம் கழுவினேன், படம் எடுத்தேன். பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். பெரிய படிப்புப் படித்தவன் இல்லை, ஆனால் சந்தையில் வளர்ந்தவன். ஆள் பேசினால் காது கொடுப்பேன். யாராவது நல்ல சொலவடை ஒன்று சொன்னால் எனக்குப் பசி மறந்துபோகும். எக்ஸ்ரே ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கங்களில் அதையெல்லாம் எழுதி வைப்பேன். முன்பக்கம் எலும்பு, பின்பக்கம் சொல் என்று டாக்டர் ஐயா கேலி செய்வார்.

அந்த டாக்டர் ஐயா நல்ல மனிதர். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதே மூக்கில்தான் இரக்கமும் இருக்கும். காலையில் வந்ததும் வணக்கம் சொல்வதற்கு முன்னால், “பிலிம் எத்தனை மிச்சம்?” என்றுதான் கேட்பார். யுத்தத்தில் பிலிம் வரவில்லை. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று வளர்ந்தவன் நான். ஒரு பிலிமை மூன்று குட்டைப் பட்டைகளாக வெட்டி, நோகிற இடத்துக்கு மட்டும் நேராக வைத்துப் படம் எடுக்கப் பழகினேன். முதுகெலும்பு என்றால் பட்டை மாதிரி ஒரு துண்டு. பக்கவாட்டுப் படம் ஒன்று போதும், முன்பக்கப் படம் வேண்டாம். ஆஸ்பத்திரியே மெச்சியது. முதல் தப்பு அதுதான். ஆனால் மெச்சினால் அது தப்பென்று யாருக்குத் தெரியும்?

ராக்காயி அக்கா மணமேல்குடிப் பக்கத்திலிருந்து வந்தார். நாற்பது வயது தாண்டியிருக்கும். கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து விற்கிறவர். கரி வண்டி என்று சொல்வோமே, அடுப்புக்கரியை எரித்து ஓடும் பஸ், அதில் அறந்தாங்கி வழியாக நின்று நின்று, ஒரு பகல் முழுவதும் வந்து சேர்ந்திருந்தார். கூட அவர் வீட்டுக்காரர் கருப்பையா. அவர் வாயில் வார்த்தை வாங்குவது கடலில் கிணறு தோண்டுகிற மாதிரி. அந்த அம்மாவோ அதற்கும் சேர்த்துப் பேசுவார்.

“அக்கா, எத்தனை நாளா வலி?”

“வெயில் காலத்துல வந்துச்சு தம்பி. மழை வந்துருச்சு, அது போகல. வாடகை இல்லாமக் குடியிருக்கு.”

“கூடை தூக்கித் தூக்கி வந்திருக்கும்.”

“கூடையா? கூடை என்ன செஞ்சுச்சு. இருவது வருசமா அதுதான் எனக்குச் சோறு போடுது. அது மேல பழி போடாத. இந்த வலி வேற வலி. உக்காந்தா ஊசி, படுத்தா ஈட்டி.”

அப்படியே நின்றுவிட்டேன். “இன்னொரு தடவை சொல்லுங்க அக்கா” என்றேன். சொன்னார். ரிஜிஸ்டரைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்: உக்காந்தா ஊசி, படுத்தா ஈட்டி. அழகான சொல் ஒன்று கிடைத்த சந்தோஷம். ஒரு பொம்பளை தன் நோயைச் சொல்கிறாள் என்று என் காதுக்கு உறைக்கவில்லை. இது இரண்டாவது தப்பு. உங்களில் யாரும் இதைச் செய்ய மாட்டீர்கள். இது என்னைப் போல் சொல்லுக்கு அலைகிறவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

மூன்றாவது, மெஷினுக்கு முன்னால் நடந்தது. அக்கா கழுத்தில் கறுப்பும் சிவப்புமாகப் பாசி மணிகள் ஏழெட்டுச் சரம். மார்பு வரை தொங்கும். மணி படத்தில் விழுந்தால் பிலிம் வீணாகுமே. கழற்றச் சொன்னேன்.

“தாலி கோத்துக் கெடக்கு. ஒம் மெசினு சொன்னா கழத்திருவேனா?”

“அப்ப எல்லாத்தையும் சேர்த்து மேல தூக்கிக் கழுத்தோட பிடிச்சுக்கங்க.”

சரங்களை ஒன்றாகத் திரட்டித் தொண்டைக்குழியில் கைமுட்டியை வைத்து இறுகப் பிடித்துக்கொண்டார். பொம்பளை ஆள் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டாக்டர் ஐயாவும் அப்படித்தான். முதுகைத் தட்டிப் பார்த்தார், ஓர் இடத்தில் சின்னதாக முடிச்சு துருத்திக்கொண்டிருந்தது, தட்டியதும் அக்கா பல்லைக் கடித்தார். முன்பக்கம் யாரும் பார்க்கவில்லை. அந்தக் காலத்து மரியாதை அது. அந்தக் கைமுட்டிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

என் பட்டைப் படத்தில் ஒரு முள்ளெலும்பு ஆப்பு மாதிரி நசுங்கியிருந்தது. டாக்டர் ஐயா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஏம்ப்பா, கீழ் எலும்பு பாதிதான் விழுந்திருக்கு?”

“ஆடிட்டாங்க சார்.”

ஆடவில்லை. பட்டை அவ்வளவுதான்.

முதுகில் முடிச்சு, எலும்பு நசுக்கல் என்றால் எங்கள் பக்கம் பத்தில் ஒன்பது எலும்புக் காசம். மாவுக்கட்டில் முதுகுக்கு அச்சு வார்த்து, தொட்டி மாதிரி ஒரு படுக்கை செய்து, அதில் மல்லாத்திப் படுக்க வைத்துவிடுவோம். மாதக் கணக்கில் அசையக் கூடாது. அதுதான் அப்போது வைத்தியம். ராக்காயி அக்காவையும் படுக்க வைத்தோம்.

ஒரே வாரத்தில் வார்டு இரண்டுபட்டது. மற்ற எலும்புக் காசக்காரர்கள் படுத்தபின் வலி குறைந்து தூங்குவார்கள். இவர் தூங்கவில்லை. எழுந்து உட்காரப் பார்ப்பார்.

“இது என்னம்மா, அடங்காத பொம்பளையா இருக்க?” என்று நர்ஸம்மா அதட்டினார்.

“அடங்கித்தான் கெடக்கேன் தாயி, உரலாட்டம். உலக்கை எங்கேயிருந்து விழுதுன்னுதான் தெரியல.”

“நாலு நாள் பொறுத்துக்க.”

“பொறுத்துக்கலாம். எங்காலு எனக்கு வேணும். எங்காலுதான் எங் கடை. உக்காந்து விக்கிறவளுக்குச் சந்தை வேணும், நடந்து விக்கிறவளுக்குக் காலு போதும். அது போச்சுன்னா நான் போனேன்.”

நான் வேலை முடிந்ததும் அந்தக் கட்டிலுக்குப் போய்விடுவேன். நோய் விசாரிக்க என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் பேச்சுக் கேட்க. ஒரு நாள் பகல், கருப்பையா சோற்றுக் கடைக்குப் போயிருந்தார். அக்கா கஞ்சி கேட்டார். மல்லாந்து கிடக்கிறவருக்கு, குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடைச் சங்கில்தான் புகட்ட வேண்டும். மாவுக்கட்டுப் படுக்கையில் தலை சற்றுப் பின்னால் சாய்ந்து கழுத்து நீண்டு கிடந்தது. மணிச் சரங்கள் பக்கவாட்டில் சரிந்திருந்தன. ஒரு வாய் ஊற்றினேன். விழுங்கினார். தொண்டைக்குழிக்கு மேலே எலுமிச்சம்பழ அளவுக்கு ஓர் உருண்டை, மேலே ஏறிக் கீழே இறங்கியது.

“அக்கா, இது என்ன?”

“எது? அதுவா? அது எங்காத்தா சீதனம். அவளுக்கும் இருந்துச்சு. கல்யாணத்துக்கு முந்தியே எனக்கு இருக்கு. ஒரு நாளும் நொந்ததில்ல.”

“டாக்டர் கிட்டச் சொல்லலையா?”

“முதுகுக்கு வந்தவ கழுத்த எதுக்குச் சொல்றது? அவுகளும் கேக்கல.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “இந்த வருசம்தான் கொஞ்சம் கெட்டியாயிருச்சு.”

பாலாடை என் கையில் நின்றது. எக்ஸ்ரே அறைக்குப் போய் ரிஜிஸ்டரை எடுத்துப் பின்பக்கத்தைப் புரட்டினேன். படுத்தா ஈட்டி. என் கையெழுத்துதான். எலும்புக் காசம் படுத்தால் தணியும் என்று டாக்டர் ஐயா எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்த வலி படுத்தால் கூடுகிறது. நாங்கள் வைத்தியம் என்று படுக்கவே வைத்திருக்கிறோம். காசம் இல்லையென்றால் வேறு என்ன என்று எனக்குத் தெரியாது. ஏதோ பிசகு என்று மட்டும் தெரிந்தது.

டாக்டர் அறைக்குப் போனேன். வாசலில் நின்றேன். உள்ளே சமஸ்தானத்துப் பெரிய அதிகாரி ஒருவர் மேற்பார்வைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஐயா என்னைப் பார்த்ததும் முகம் மலர, “இவன்தான் சார் நான் சொன்ன ஆள். ஒரு பிலிம்ல மூணு படம் எடுப்பான். இவன் இல்லேன்னா நாம எப்பவோ கடையைக் கட்டியிருக்கணும்” என்றார். பெரியவர் என்னைத் தலையாட்டிப் பாராட்டினார். “என்னப்பா விஷயம்?” என்று கேட்டார் டாக்டர் ஐயா.

“ஒண்ணுமில்லை சார்” என்றேன்.

நான் படிக்காதவன். அந்த அம்மா என்னிடம் சொன்னது பேச்சு. நான் எடுத்த பட்டையால்தான் எலும்பு சரியாகத் தெரியவில்லை என்று, பட்டைக்காகப் பாராட்டியவர் முன்னால் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம். முதுகு எங்கே ஓடிவிடப் போகிறது? இப்படியெல்லாம் சமாதானம் செய்துகொண்டேன். தம்பிகளே, மனுஷனை ஏசினால் வாய் திறந்து ஏதாவது சொல்வான். பாராட்டினால்தான் வாய் கட்டிப்போகும். மூன்று தப்பு என்று சொன்னேனே, இது அந்தக் கணக்கில் சேராத நாலாவது.

மறுநாள் காலையில் நான் வார்டுக்குள் நுழையும்போதே கருப்பையா எழுந்து நின்றார். பேசாத மனிதர் பேசினார்: “கூப்புடுதுங்க.”

அக்கா வழக்கம்போலச் சிரிக்கவில்லை. “தம்பி, எங் கால் பெருவெரல் இன்னைக்கி எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு. வலது பக்கம். ஆடுன்னு சொல்றேன், யோசிச்சு ஆடுது.”

போர்வையை விலக்கினேன். “ஆட்டுங்க.” இடது விரல் உடனே ஆடியது. வலது விரல், நிஜமாகவே, யோசித்துத்தான் ஆடியது.

ஓடினேன். டாக்டர் ஐயா புறநோயாளிகள் கூட்டத்தின் நடுவில் இருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன்: கழுத்து உருண்டை, விழுங்கினால் ஏறி இறங்குவது, படுத்தா ஈட்டி, பெருவிரல். கடைசியாக, “அவங்க ஆடலை சார். நான்தான் பிலிமை வெட்டிக் குறைச்சுட்டேன். நேத்தே சொல்ல வந்தேன்” என்றேன்.

திட்டுவார் என்று நின்றேன். எழுந்து வார்டுக்கு நடந்தார். கட்டிலில் குனிந்து, மணிச்சரத்தை ஒதுக்கி, அந்த உருண்டையை இரண்டு விரலால் பிடித்து, “முழுங்கும்மா” என்றார். விழுங்கினார். டாக்டர் ஐயாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

“முழு பிலிம் போடு. பக்கவாட்டு ஒண்ணு, முன்பக்கம் ஒண்ணு, மேல் முதுகுக்கு ஒண்ணு.”

“பெட்டியில மிச்சம்...”

“கழுதை தேஞ்சு கட்டெறும்பான மாதிரி படத்தை வெட்டுனது போதும். போடு.”

ஈரம் காயாத பிலிமை ஜன்னலில் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நசுங்கிய எலும்பு ஒன்று. அதற்கு மேலும் கீழும் உள்ள இடுக்குகள் முழுசாக, சேதமில்லாமல் இருந்தன. அதைத் தாண்டி, மேலே ஓர் எலும்பில் எறும்பு அரித்த மாதிரி ஓட்டை. என் பட்டை அங்கே எட்டவே இல்லை.

“காசம் ரெண்டு எலும்புக்கு நடுவில இருக்கிற இடுக்கையும் சேர்த்துத் தின்னும். இது இடுக்கை விட்டுட்டு எலும்பை மட்டும் தின்னுது. அதுவும் ஒண்ணை விட்டு ஒண்ணு. கழுத்துச் சுரப்பியில புற்று. அங்கேயிருந்து முதுகுக்கு வந்திருக்கு. நான் புத்தகத்துல படிச்சதோட சரி” என்றார். பிறகு தனக்குள் சொல்வது போல, “நான் கழுத்தைப் பார்க்கலையே” என்றார். நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். நாங்கள் முதுகுக்குப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

எங்களிடம் இதற்கு வைத்தியம் கிடையாது. முதுகைத் திறந்து நரம்பு நெருக்கத்தைத் தளர்த்தவும், ஆழமாகப் பாயும் கதிர் வைக்கவும் சென்னைக்குத்தான் போக வேண்டும். கால் முழுதாகப் போய்விட்டால் பிறகு போயும் பிரயோஜனம் இல்லை. அக்காவிடம் டாக்டர் ஐயாவே பக்குவமாகச் சொன்னார். கேட்டுவிட்டு அக்கா, “கழுத்துல கெடந்தது முதுகுல குட்டி போட்டுருச்சா? வீட்டுக்குள்ள வளத்த பூனையில்ல, அதான் சத்தம் கேக்கல” என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி: “காலு?”

“அதுக்குத்தாம்மா ஓடுறோம்” என்றார் டாக்டர் ஐயா.

அன்றைய ரயிலிலேயே ஏற்றினோம். பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த ரயில். ஸ்டேஷன் மாஸ்டர், ரயிலின் கடைசியில் இருக்கிற கார்டு வண்டியில் தரையில் இடம் கொடுத்தார். மாவுக்கட்டுப் படுக்கையோடு அப்படியே வைத்தோம். தப்பான நோய்க்குச் செய்த தொட்டி, பிரயாணத்துக்கு உதவியது. கூடப் போகச் சொல்லி டாக்டர் ஐயா என்னை அனுப்பினார். ஒரு கோழி இறகைக் கொடுத்து, “ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பார். உள்ளங்காலில் தடவு, விரலை ஆட்டச் சொல்லு. எழுதிக்க. அங்கே கேப்பாங்க” என்றார்.

கீரனூர்: இடது ஆடுகிறது, வலது ஆடுகிறது. திருச்சி: இடது ஆடுகிறது, வலது மெதுவாக. வண்டி சிக்னலுக்கு நின்றால் என் உயிரும் நிற்கும். கருப்பையா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், காலைப் பார்க்கவில்லை.

விழுப்புரத்தில் வலது விரல் ஆடவில்லை. நான் இறகை மறைத்துக்கொண்டேன். “ம், சரி” என்றேன்.

“என்னத்த சரி?” என்றார் அக்கா. “வலது காலு தூங்கிப்போச்சு. எனக்குத் தெரியாதா? அதை எழுப்பாத. இடதையாவது முழிப்பா வச்சுக்க.”

இறகை வெளியே எடுத்து, வலது: இல்லை என்று எழுதினேன். பொய் எழுதினால் அங்கே இருக்கிற டாக்டர் அந்தப் பொய்யைப் பார்த்துத்தானே கத்தி எடுப்பார்?

சென்னை போய்ச் சேர்ந்த அன்றே, என் துண்டுச்சீட்டில் இருந்த ஊர்ப் பெயர்களையும் விரல் கணக்கையும் பார்த்துவிட்டு, “விழுப்புரத்திலிருந்துதானே ஆடலை? அப்போ நேரம் இருக்கு” என்று ஆபரேஷன் மேசைக்குக் கொண்டுபோனார்கள். முதுகைத் திறந்து நெருக்கத்தை எடுத்தார்கள். பிறகு கழுத்துக் கட்டியை எடுத்தார்கள். பிறகு வாரக்கணக்கில் கதிர். இது முழுக்கப் போகிற நோய் இல்லை, தூங்க வைக்கலாம் என்றார்களாம்.

நாலைந்து மாதம் கழித்து எக்ஸ்ரே அறை நடையில் ஒரு சத்தம். ஓர் அடி, ஓர் இழுப்பு. ஓர் அடி, ஓர் இழுப்பு. கம்பை ஊன்றிக்கொண்டு ராக்காயி அக்கா. இடது கால் முழுசாக வந்திருந்தது. வலது பாதம் மட்டும் தூக்க வரவில்லை, இழுத்துத்தான் நடந்தார்.

“கூடை?” என்றேன்.

“சின்னக் கூடை. கழுதை கெட்டாக் குட்டிச்சுவரு, நான் கெட்டாக் கருவாடு. வேற எங்கிட்டுப் போவேன்?”

அவரை உட்கார வைத்து, அந்த ஒரு நாளைச் சொன்னேன். டாக்டர் அறை வாசல் வரை போய், பாராட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்ததைச் சொன்னேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்தக் காலும் வந்திருக்கலாம் என்றேன்.

அக்கா கம்பை மடியில் சாய்த்துக்கொண்டு சொன்னார்: “நீயாச்சும் ஒரு நாளு பேசாம இருந்த. நான் இருவது வருசம் கழுத்துலயே வச்சுக்கிட்டு வாயத் தெறக்கல. ரெண்டு பேரும் வாயாடி வேற.” சிரித்தார். சிரித்து முடித்ததும், “ஆனா அந்த ஒரு நாளு எங்காலுல இருக்கு தம்பி. அதையும் மறந்துராத” என்றார்.

அதற்குப் பிறகு எக்ஸ்ரே அறைக்கு வருகிற யாரையும், நோகிற இடத்தோடு நான் விட்டதில்லை. ஆயாவைக் கூட வைத்துக்கொண்டு பொம்பளைகளின் கழுத்தையும் பார்க்கச் சொல்வேன். ரிஜிஸ்டரின் பின்பக்கம் எழுதுவதையும் நிறுத்தவில்லை. ஆனால் எழுதியதை டாக்டர் ஐயாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் மூடுவேன்.

அக்கா வருஷா வருஷம் வந்து முழுப் படம் எடுத்துக்கொண்டு போனார். நாலாவது வருஷம் கருப்பையா மட்டும் வந்தார். கையில் ஓலைப் பொட்டலம், கருவாடு. நானாகக் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“கடைசி வாரம் வரைக்கும் நடந்தா. வலது கால இழுக்கிறதுல மணல்ல ஒரு கோடு விழும். அவ எந்தத் தெருவுல விக்கிறான்னு நான் யாரையும் கேக்க வேண்டியதில்ல. அந்தக் கோட்டப் பிடிச்சுப் போனாப் போதும், ஆள் இருப்பா.”

“அந்தக் கோடு நான் போட்டதுங்க” என்றேன்.

கருப்பையா பொட்டலத்தை என் மேசையில், ரிஜிஸ்டரின் மேல் வைத்தார்.

“தெரியும். சொல்லியிருக்கா. சொல்லிட்டுத்தான் ஒங்களுக்குக் கருவாடு குடுத்துட்டு வரச் சொன்னா.”